ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு

ஃபைல், எடிட், வியூ, இன்செர்ட், ஃபார்மேட், டூல்ஸ், டேபிள், விண்டோ, ஹெல்ப். ஜூடிக்கு இந்த ஒன்பதும் ஜெபமாலை மணி மாதிரி. கண்ணை மூடினாலும் விரல் போகும். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் சுப்புராயன் வைத்திருந்த ஜெராக்ஸ் கடையில் ஐந்து வருஷம் உட்கார்ந்து டைப் அடித்தவள் அவள். கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, வாரிசுச் சான்றிதழுக்கு மனு, ரேஷன் கார்டுக்கு மனு, மீன்வளத் துறைக்கு மனு. எந்த எழுத்தைத் தடிப்பாக்க எதற்குள் போக வேண்டும், கட்டம் போட எதற்குள் போக வேண்டும் என்று சுப்புராயனே அவளைக் கேட்டுத்தான் செய்வார். அப்புறம் ஜேக்கப்போடு கல்யாணம் ஆனது. சாரா வயிற்றில் வந்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு இறங்கியவள் மறுபடி ஏறவில்லை. இருபது வருஷம் ஆகிறது.

இப்போது காசிமேட்டில் இறால் உரிக்கிறாள். விடிந்ததும் ஷெட்டுக்குப் போனால் ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டபடியே மத்தியானம் வரை நிற்க வேண்டும். தலையைக் கிள்ளு, ஓட்டை உருவு, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை இழு, தூக்கிப் போடு. இறால் உரிக்கிறவர்களுக்கு விரல் நுனி என்று ஒன்று மிஞ்சாது. ரேகை போய்விடும். ரேஷன் கடை மிஷினில் ஜூடி கட்டைவிரலை வைத்தால் அது அவளை ஆள் என்றே ஒத்துக்கொள்ளாது. கடைக்காரர் துணியால் துடைக்கச் சொல்வார், தலையில் தேய்க்கச் சொல்வார், கடைசியில் வீட்டுக்காரரை வரச் சொல்வார்.

வீட்டுக்காரர் பத்தொன்பது நாளாக வீட்டில்தான் இருந்தார். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்சந்து, லைன் வீடு, ஒரே அறை, ஒரு சமையல் மாடம். அந்த அறையின் சுவரைப் பார்த்துப் படுத்தபடி இருந்தார்.

ஜேக்கப் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பெட்டி யார்டில் வண்டி ஓட்டுகிறவர். பெட்டி என்றால் கன்டெய்னர். முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு கை நீட்டிப் பெட்டியை மேலிருந்து கவ்வித் தூக்கும் பெரிய வண்டி. டயர் ஒன்றே ஆள் உயரம். அந்த வண்டிக்குக் கீழே நின்று விசிலும் கொடியும் வைத்துக்கொண்டு வழி சொல்கிறவன் சௌக்கத் அலி. பதினொரு வருஷம் இருவரும் ஒரே ஷிஃப்ட். மேலே இவர், கீழே அவன். சௌக்கத் ஒரு விசில் அடித்தால் நிறுத்து, ரெண்டு அடித்தால் வா.

அன்றைக்கு மாற்று ஆள் வரவில்லை. ரெண்டு ஷிஃப்ட் பார்த்து முடித்தவரை மூன்றாவதும் பார்க்கச் சொன்னான் சூப்பர்வைசர். ஜேக்கப் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார். சாராவுக்கு ஹாஸ்டல் கட்ட வேண்டிய மாசம். "இருந்துட்டு வாயேன். நாளிக்கி ஃபுல்லா தூங்கிக்கலாம்" என்றாள் ஜூடி. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், வண்டி பின்னோக்கி வரும்போது, ஜேக்கப்புக்குக் கண் அசந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. விழித்தபோது கீழே ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சௌக்கத்துக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

அதற்குப் பத்தொன்பதாவது நாள், ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, நெத்திலியை ஆய்ந்து குழம்பு கூட்டி இறக்கியபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. மழை வருவேன் வருவேன் என்று காட்டிக்கொண்டு வராத ஐப்பசிப் புழுக்கம். ஜூடி சாராவின் லேப்டாப்பை எடுத்துத் தரையில் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் சாராவுக்கு அரசாங்கம் கொடுத்தது. நர்சிங் படிக்கப் போனவள் அது கனமாக இருக்கிறதென்று வீட்டிலேயே விட்டுப் போயிருந்தாள்.

"யோவ், ஆபீஸ்லேர்ந்து மெயிலு வந்துகீதாம். எழிலன் சாரு போன் பண்ணாரு. படிச்சிப் பாத்து, திருத்தம் இருந்தா திருத்தி அனுப்பணுமாம்."

"நீயே படி."

"உன் பேப்பரு. நீ வந்து குந்து."

"இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும். நான் சொன்னதுதான் கீது."

அது விபத்து நடந்த காலையில் ஜேக்கப் ஆபீசில் உட்கார்ந்து சொன்ன வாக்குமூலம். கிளார்க் ராமசெல்வி கேட்டுக் கேட்டு டைப் அடித்திருந்தாள். ஜூடி வாய்விட்டுப் படித்தாள்.

"நான் தொடர்ந்து மூன்றாவது ஷிஃப்டில் இருந்தேன். வண்டி பின்னால் வரும்போது கண் அசந்துவிட்டது. சௌக்கத் அலி நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றான். விசில் அடித்தான். எனக்குக் கேட்கவில்லை. தப்பு என்னுடையது."

படித்து முடித்து அவர் முதுகைப் பார்த்தாள்.

"இத்தையா சொன்ன?"

"ஆமா."

"தூங்குனியான்னு உன்ன எவனாவது கேட்டானா?"

"யாரும் கேக்கல. அந்தப் பொண்ணு தண்ணி குட்த்துச்சு. குடிச்சிட்டுச் சொன்னேன்."

"வாய மூடிகினு இருந்திருக்கலாம்ல? மயக்கமா வருது, அப்பறம் சொல்றேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அவன் காலு அங்க கெடக்குது. நான் இங்க குந்திகினு மயக்கம் வருதுன்னு சொல்லணுமா?"

ஜூடி லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் எழிலன் பேசிய தோரணை அவளுக்குப் புரிந்துதான் இருந்தது. எழிலன் அந்த யார்டில் ஆள் விஷயங்களைப் பார்க்கிற ஆபீசர். 'அன்னைக்கு அதிர்ச்சில ஏதோ பேசியிருப்பாரு மேடம். நல்லா யோசிச்சுத் திருத்தி அனுப்பச் சொல்லுங்க. அவருக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது' என்றிருந்தான்.

"தூங்கிகினு ஓட்டுனேன்னு நீயே எழுதிக் குட்த்தா, வேல இன்னிக்கே போயிடும். லைசென்சு போயிடும். அப்பறம் எந்த யார்டுல உன்ன உள்ள விடுவான்? அம்பது வயசுல மூட்ட தூக்கப் போறியா?"

"தூக்கறேன்."

"கிழிச்ச. இடுப்புப் பட்ட இல்லாம குனிய மாட்ட, நீ மூட்ட தூக்கறியா? சாரா ரெண்டு வருசம் முடிக்கணும்யா. இன்னும் ரெண்டே வருசம்."

"சௌக்கத்து மேல தப்புன்னு எழுதுனா அவனுக்கு ஒண்ணும் வராது ஜூடி. நஷ்டஈடும் கெடையாது, வேற வேலையும் குடுக்க மாட்டானுங்க. உனக்குத் தெரியும்ல?"

"கம்பேனி பாத்துக்கும்."

"பாத்துக்காது."

"அவருக்கு ரெண்டு மச்சானுங்க கீறானுங்க. நமக்கு எவன் கீறான்?"

வெளியே பக்கத்து வீட்டு டி.வி.யில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாவோ பண்ணு" என்றார் சுவரிடம்.

ஜூடி வேலையை ஆரம்பித்தாள்.

முதலில் அவள் ஒன்பதையும் தேடினாள். மூன்றுதான் இருந்தன. ஃபைல் இருந்தது, இன்செர்ட் இருந்தது, வியூ கடைசிக்குப் போயிருந்தது. எடிட்டைக் காணோம். ஃபார்மேட்டைக் காணோம். டூல்ஸ் என்கிற பெயரே இல்லை. அதற்குப் பதில் ஹோம் என்று ஒன்று, லேஅவுட் என்று ஒன்று, மெயிலிங்ஸ், ரிவ்யூ என்று என்னென்னவோ. எதைத் தொட்டாலும் வார்த்தை இறங்கி வராமல் பலகை பலகையாகப் படம் விரிந்தது. கத்தரிக்கோல், வாளி, பென்சில். வாடகைக்கு இருந்த தெருவுக்கு இருபது வருஷம் கழித்துப் போனால் மேம்பாலம் கட்டி எல்லா வீட்டையும் இடித்திருப்பார்களே, அப்படி இருந்தது அவளுக்கு.

சாராவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எதற்கு என்று அவள் கேட்பாள். அதனால் கேட்கவில்லை.

விரல் வேறு ஒத்துழைக்கவில்லை. லேப்டாப்பின் தேய்க்கிற கட்டத்தில் எவ்வளவு தேய்த்தாலும் அம்புக்குறி நகரவில்லை. ரேகை இல்லாத விரலை அதுவும் ஆள் என்று ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் விரலை மடக்கி முட்டியால் தேய்த்தாள். நகர்ந்தது. முட்டியாலேயே ராமசெல்வி அடித்த வரிகளை ஒவ்வொன்றாகச் செலக்ட் செய்து, டெலிட்டை அழுத்தினாள். வரி போயிற்று. சுத்தமாகப் போயிற்று. சுப்புராயன் கடையில் டெலிட் என்றால் டெலிட்தான். போனது போனதுதான்.

அப்புறம் டைப் அடித்தாள். தமிழ் எழுத்துகள் இருந்த இடம் அவளுக்கு மறக்கவில்லை. கை அடிக்க ஆரம்பித்ததும் பழைய மனு நடையும் தானாக வந்தது. 'வண்டியைப் பின்புறமாக இயக்கும்போது முறைப்படி ஹாரன் அடித்தேன். மேற்படி சௌக்கத் அலி என்பவர் பாதுகாப்பு எல்லையைத் தாண்டி நின்றிருந்தபடியால் என் பார்வைக்குப் புலப்படவில்லை. மேற்படி நபரிடமிருந்து விசில் சத்தம் ஏதும் வரவில்லை.' மூன்றாவது ஷிஃப்ட் என்கிற வரியையும் எடுத்தாள். அதை எடுக்கச் சொல்லி எழிலன் கேட்கவில்லை. அவளுக்கே அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அடித்து முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தபோதுதான் அதைக் கவனித்தாள். தாளின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. அவள் அடித்த வரிகளுக்குப் பக்கத்தில் மட்டும் மெல்லிசாக நின்றது. மேலே ஜேக்கப் பெயர், விலாசம் இருந்த இடத்தில் கோடு இல்லை.

மனு என்றால் ஓரக்கோடு வேண்டும். சுப்புராயன் கடையில் அது சட்டம். கோடில்லாத மனுவை ஆபீசர் கையில்கூட வாங்க மாட்டான் என்பார் அவர். கம்பெனிக்காரன் கோடு போட ஆரம்பித்து அரைகுறையாக விட்டிருக்கிறான் என்று ஜூடி நினைத்தாள். அதை மேலேவரை இழுத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

பழைய கணக்குப்படி அது ஃபார்மேட்டுக்குள், பார்டர்ஸில் இருக்க வேண்டும். ஃபார்மேட்டே இல்லை. இன்செர்ட்டுக்குள் போனாள், படம், கட்டம், வட்டம்தான் இருந்தது. லேஅவுட்டுக்குள் ஓரம் இருந்தது, கோடு இல்லை. ரிவ்யூ என்று எழுதியிருந்ததைத் தாண்டிப் போனாள். அது சினிமா சமாச்சாரம் போல இருந்தது. அரை மணி நேரம் முட்டியால் தேய்த்து, வியர்வை மூக்கு நுனியில் சொட்ட, டிசைன் என்பதற்குள் கோடியில் பேஜ் பார்டர்ஸைக் கண்டுபிடித்தாள். இடது பக்கம் மட்டும். நிறம் சிவப்பு. ஓகே.

மேலிருந்து கீழ்வரை கோடு விழுந்தது. பழைய கோட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி விழுந்ததால் இரட்டைக் கோடாகத் தெரிந்தது. இன்னும் மரியாதையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஷெட்டில் எத்தனை கூடை உரித்தாலும் வராத ஒரு சந்தோஷம் அந்த நிமிஷம் அவளுக்கு வந்தது. அதுதான் உண்மை. என்ன எழுதியிருக்கிறோம் என்பதே அவளுக்கு அப்போது மறந்துபோயிருந்தது.

"யோவ், கோடு போட்டேன் பாரு. எல்லாம் எடம் மாறிக் கீது, இருந்தாலும் கண்டுபுடிச்சிட்டேன்."

ஜேக்கப் திரும்பவில்லை.

அடித்ததை முழுதாக வாசித்துக் காட்டினாள். விசில் சத்தம் ஏதும் வரவில்லை என்ற இடத்தில் அவர் தோள் லேசாக அசைந்தது.

"சரியா?"

"ம்."

அந்த ஒரு 'ம்' போதும் என்று அனுப்பிவிட்டாள்.

புதன்கிழமை கடலில் காற்று என்று படகு எதுவும் போகவில்லை. முந்தின நாள் ஐஸில் கிடந்த ரெண்டு கூடையை உரித்துவிட்டு ஜூடி பத்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்தாள். தூறிக்கொண்டிருந்தது. மணலி ரிஃபைனரிப் பக்கமிருந்து காற்று அடித்ததில் சந்து முழுக்க கேஸ் நாற்றம். வாசலில் கறுப்புக் குடையோடு ஷம்ஷாத் நின்றுகொண்டிருந்தாள்.

ஷம்ஷாத் சௌக்கத்தின் மனைவி. ரெண்டு சந்து தள்ளி வீடு. காலையில் இடியாப்பமும் பாயாவும் போட்டு விற்பாள். சாரா பள்ளிக்கூடம் போகிற வயசில் காலைச் சாப்பாடு பாதி நாள் ஷம்ஷாத் வீட்டில்தான். விபத்துக்குப் பிறகு ஜூடி ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சத்துமாவு டப்பா கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ஜேக்கப் போகவே இல்லை.

"எப்ப வந்த ஷம்ஷாத்து? உள்ள வரவேண்டிதான? அவுரு உள்ளதான் கீறாரு."

"கீறாரு. என்னப் பாத்துட்டு சமையக்கட்டுக்குள்ள பூந்துகினாரு."

ஜூடி கதவைத் தள்ளினாள். சமையல் மாடத்துக்கு ஒரு புடவைத் திரைதான் மறைப்பு. அதற்குக் கீழே ஜேக்கப்பின் பாதம் தெரிந்தது. ரெண்டு பெண்களும் அதைப் பார்த்தார்கள்.

ஷம்ஷாத் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து ரெண்டு தாளை எடுத்தாள்.

"நேத்து ஆபீசுக்கு வரச் சொன்னாங்கோ. ராமசெல்வின்னு ஒரு பொண்ணு கீதே, அது குட்த்துச்சு. விசாரணைக்கு முந்தி எங்களுக்கும் ஒரு காப்பி குடுக்கணுமாம். படிச்சிப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டு என் மூஞ்சியப் பாக்காம பூட்ச்சு."

ஜூடி வாங்கிப் பார்த்தாள்.

அவள் அனுப்பிய தாள்தான். ஆனால் அவள் அனுப்பிய மாதிரி இல்லை. அவள் அழித்த வரி ஒவ்வொன்றும் அங்கேயே இருந்தது. நடுவில் ஒரு கோடு கிழித்திருந்தது, அவ்வளவுதான். கண் அசந்துவிட்டது. கோடு. விசில் அடித்தான். கோடு. தப்பு என்னுடையது. கோடு. அவற்றுக்குப் பக்கத்திலேயே அவள் புதிதாக அடித்தவை அடிக்கோடு போட்டு நின்றன. வலது ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் இங்கிலீஷில் ஒரே பெயர். சாரா. சாரா. சாரா.

லேப்டாப் சாராவுடையது. அதில் யார் எதை அழித்தாலும் அது சாரா பெயரைத்தான் எழுதிக்கொள்ளும். இது ஜூடிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஷெட்டில் ஐஸ் தண்ணீருக்குள் கை மரத்துப்போகுமே, அந்த மாதிரி முகம் மரத்துப்போயிருந்தது அவளுக்கு.

"சாராவாக்கா இப்டி எழுதுச்சு?" என்றாள் ஷம்ஷாத். "என் கையால துன்ன புள்ளக்கா."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொல்லிவிடலாம். அந்த நினைப்பு ஜூடிக்கு வந்தது. வந்ததை அவள் பின்னாளிலும் மறக்கவில்லை.

"சாரா இல்ல. அதுக்கு இது தெரியவே தெரியாது. நான்தான்."

"தெரியும்."

"இன்னா?"

"மேற்படி மேற்படின்னு எழுதறவ இந்த ஏரியாவுலயே நீ ஒருத்திதான். என் ரேஷன் கார்டுக்கு நீதான மனு அடிச்சிக் குட்த்த? ஒரு பைசா வாங்கிக்கல. உன் வாயால சொல்றியான்னு பாத்தேன்."

ஜூடி தரையில் உட்கார்ந்தாள்.

"அவுரு வேல போயிடும்னு பயந்துட்டேன் ஷம்ஷாத்து."

"பயப்பட வேண்டிதான். யாரு வேணான்னா? நானும் உன் எடத்துல இருந்தா பயந்திருப்பேன். அதுக்கு நீ இன்னா வோணா எழுதிக்க. ஓரமா நின்னாருன்னு எழுது, தள்ளி நின்னாருன்னு எழுது. விசிலு அடிக்கலன்னு எதுக்குக்கா எழுதுன?"

ஜூடி கையிலிருந்த தாள்களை நாற்காலி ஓரத்தில் வைத்தாள்.

"ஆபரேஷன் முடிஞ்சி மயக்கத்துல கெடக்கறாரு. ஒதட்டக் குவிச்சிக் குவிச்சி ஊதிகினே கீறாரு. நர்சம்மா ஓடியாந்து, இன்னா ஆச்சு, மூச்சு விட முடியலியான்னு கேக்குது. இல்லம்மா, விசிலு ஊதறாருன்னு நான் சொல்றேன். ஒரு ராத்திரி முழுக்க ஊதுனாருக்கா. ஒண்ணு ஒண்ணா. நிறுத்து, நிறுத்துன்னு."

திரைக்குப் பின்னால் பாத்திரம் ஒன்று கீழே விழுந்து உருண்டது.

அப்போது ஜூடியின் போன் அடித்தது. எழிலன். எடுக்காமல் விட்டாள். மறுபடி அடித்தது. எடுத்தாள்.

"மேடம், அந்த ஃபைல்ல ஒரு சின்னப் பிரச்சினை. நீங்க திருத்துனதெல்லாம் திருத்தமாவே தெரியுது. உள்ள ட்ராக்கிங் ஆன்ல இருந்திருக்கு. ப்ரின்ட் வேற போயிடுச்சு, கவனக்குறைவா. அதைப் பத்திக் கவலைப்படாதீங்க, அதுல கையெழுத்து இல்ல, அது செல்லாது. சுத்தமா ஒரு காப்பி உங்க வீட்டுக்காரர் மெயில்லேர்ந்து வரணும். அதான் ஃபைனல். ரெண்டு நிமிஷ வேலை. லேப்டாப் பக்கத்துல இருக்கா?"

ஜூடி ஷம்ஷாத்தைப் பார்த்தாள். அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். லேப்டாப்பை இழுத்துத் திறந்தாள் ஜூடி. முட்டியால் தேய்க்க ஒரு கை, அழுத்த ஒரு கை. போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"தொறந்துட்டேன் சார்."

"இடது ஓரத்துல ஒரு சிவப்புக் கோடு தெரியுதா?"

"அது நான் போட்டது சார்."

"நீங்க போட்டதா? இல்ல மேடம், அது தானா வர்றது. இந்த எடத்துல எதையோ மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். ரெண்டு கோடு இருக்கும் பாருங்க, அதுல சின்னக் கோடு. அது மேல ஒரு தடவை கிளிக் பண்ணுங்க."

ஜூடி அழுத்தினாள். முதல் ரெண்டு தடவை ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது தடவை திரை முழுக்கச் சிவப்பாயிற்று. அவள் அழித்தவை எல்லாம் எழுந்து வந்தன. தாளில் கறுப்பாக இருந்தவை இங்கே ரத்தச் சிவப்பில் இருந்தன. மூன்றாவது ஷிஃப்ட் என்கிற வரி முதலில் நின்றது.

"தெரியுதுங்களா? பயப்படாதீங்க. மேல ரிவ்யூன்னு இருக்கும், அதுக்குள்ள போங்க. டிக் போட்ட படம் ஒண்ணு, அக்செப்ட்னு எழுதியிருக்கும். அதுக்குக் கீழ ஒரு குட்டி அம்பு. அதைத் தொட்டா லிஸ்ட் வரும், அக்செப்ட் ஆல். அவ்ளோதான். நீங்க எழுதுனது மட்டும் நிக்கும், மத்ததெல்லாம் போயிடும்."

"சரி சார்."

"பக்கத்துலயே ரிஜக்ட்னு ஒண்ணு இருக்கும். அதை மட்டும் தொட்டுடாதீங்க. தொட்டா நீங்க செஞ்ச வேலையெல்லாம் வீணாப் போயிடும். பழசு அப்படியே திரும்ப வந்துடும்."

டிக் போட்ட படமும் பெருக்கல் குறி போட்ட படமும் ஒன்றுக்கொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் நெல்மணி அகலம்கூட இல்லை. ஜூடி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யோவ்" என்றாள், புடவைத் திரையைப் பார்த்து.

புடவையை விலக்கிக்கொண்டு ஜேக்கப் வந்தார். இருபத்திரண்டு நாள் தாடி. ஷம்ஷாத்தைப் பார்க்காமல், போனைப் பார்க்காமல், லேப்டாப்பில் சிவப்பாகக் கிடந்த தன் வார்த்தைகளைக் குனிந்து பார்த்தார்.

"கேட்டுகினுதான இருந்த? இன்னாயா பண்ணட்டும்?"

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

ஜேக்கப் நிமிர்ந்தார். "நான் சொல்ல வேண்டியத அன்னிக்கே சொல்லிட்டேன் ஜூடி" என்றார். "இனிமே சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

சாராவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கிறது என்று ஜூடி நினைத்தாள். ஷெட்டில் மாலை ஷிஃப்டும் கேட்க வேண்டும். அதற்குமேல் யோசித்தால் கை போகாது. முட்டியைத் தேய்த்துப் பெருக்கல் குறிக்குக் கீழே இருந்த குட்டி அம்பைத் திறந்தாள். ரிஜக்ட் ஆல்.

மேற்படி நபர் போனார். பாதுகாப்பு எல்லை போயிற்று. முறைப்படி அடித்த ஹாரன் போயிற்று. கோடு கிழித்திருந்த வரிகள் கோட்டை உதிர்த்துவிட்டுக் கறுப்பாக நின்றன. கண் அசந்துவிட்டது. விசில் அடித்தான். தப்பு என்னுடையது.

"ஆச்சா மேடம்?"

"ஆச்சு சார்."

"சேவ் பண்ணி மெயில் போட்டுடுங்க. ரொம்ப தேங்க்ஸ். வீட்டுக்காரர உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க."

போன் நின்றது. ஜூடி மெயிலைத் திறந்தாள். "சௌக்கத்து கேசப் பாக்கற தொழிலாளர் சங்கத்து ஆளு மெயிலு கீதா?" என்று ஷம்ஷாத்தைக் கேட்டாள். ஷம்ஷாத் தன் போனை நீட்டினாள். அதில் இருந்ததை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தாள். ஆபீசுக்கும் சங்கத்துக்கும் சேர்த்து அனுப்பினாள். போனதா என்று ரெண்டு தடவை பார்த்தாள்.

"பூட்ச்சு" என்றாள்.

"எது பூட்ச்சு?"

"நான் எழுதுனது."

தகர ஓட்டில் தூறல் வலுத்தது. ஜேக்கப் நின்ற இடத்திலேயே நின்றார்.

"இனிமே இவுருக்கு வேல?" என்று ஷம்ஷாத் கேட்டாள்.

"இருக்காது."

ஷம்ஷாத் தலையை ஆட்டினாள். சந்தோஷப்பட்டதாகவும் தெரியவில்லை, இரக்கப்பட்டதாகவும் தெரியவில்லை. எழுந்து குடையை எடுத்தாள்.

"சௌக்கத்து எப்டி கீறான்?" என்றார் ஜேக்கப்.

"மாமு வரலியா, மாமு வரலியான்னு தெனமும் கேட்டாரு. மொத வாரம் பூரா உங்களத்தான் கேட்டாரு. இப்பல்லாம் கேக்கறதில்ல." அவரை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். "போய்ப் பாருங்க. எனக்குச் சொல்லத் தெரில."

"டீ போடறேன், இரு ஷம்ஷாத்து" என்றாள் ஜூடி.

"வேணாக்கா. மருந்து குடுக்கற நேரம்."

ரெண்டு தாளும் நாற்காலியில் கிடந்தன. ஷம்ஷாத் அவற்றை எடுத்தாள். ஜூடி கையை நீட்டினாள்.

"அத்த குட்த்துட்டுப் போயேன். இனிமே அது எதுக்கு? அந்த சாரே சொன்னாருல்ல, அது செல்லாது. அதுல சாரா பேரு வேற கீது."

ஷம்ஷாத் தாளை நாலாக மடித்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டோடு சேர்த்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"கெடக்கட்டும்க்கா, எங்கிட்டயே" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். ஜூடி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். மறுபடி கேட்கவில்லை.